ஆச்சிக்கு ஒரு பேப்பர் கூடை

அன்புள்ள சுமதி,

நம் அம்மாவின் பிறந்தநாளுக்கு உன் பிள்ளைகள் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்கணும், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய கைவினை கிட்டின் படத்தையும் பார்த்தேன். அது வேண்டாம் என்பேன். எதை எங்கே ஒட்டணும் என்பதையெல்லாம் கிட் தயாரித்தவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஸ்டிக்கரை உரிப்பது மட்டும்தான் பிள்ளைக்கு மிச்சம். மேலே பெயரை அச்சடித்துத் தந்தால் மட்டும் அது நம் வீட்டுப் பொருளாகிவிடுமா?

பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் அரைத்து முறம் மெழுகுவார்களே, அந்தக் கூழில் ஒரு கூடை செய்யுங்கள். பேப்பரைக் கிழிப்பது சின்னவன் வேலை. திட்டு வாங்காமல் கிழிக்கக் கிடைத்தால் அவன் வேறெதுவும் கேட்க மாட்டான். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் லேசில் ஊறாது, செய்தித்தாளே போதும். ராத்திரி முழுக்க ஊறட்டும். வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்து, கொழகொழவென்று வரும்வரை அரைத்துக்கொள். பேப்பரைப் பிழிந்து கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் போடு. மொத்தமாகப் போட்டால் மோட்டார் திணறும். இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு பதத்துக்கு வரணும். வெந்தயம்தான் பிடிப்பு கொடுக்கும். பூச்சி அரிக்காது என்பதற்காகவும் அதைச் சேர்ப்பார்கள். காயும்வரை வீடு முழுக்க வாசனை அடிக்கும், மாப்பிள்ளையிடம் முன்னாடியே சொல்லி வை.

எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழை அப்பச் சொல். பெரியவள் ஒழுங்காக அப்புவாள். சின்னவன் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்று வைப்பான். அங்கேதான் உன் கை துறுதுறுக்கும். அடியில் ஓட்டை விழுந்தால் மட்டும் அடைத்துக் கொடு, மற்றதைத் தொடாதே. விளிம்பில் ஐந்து விரலையும் அழுத்தச் சொல். அந்தக் குழிகள் காய்ந்தபிறகும் அப்படியே நிற்கும். நாலு வயது விரல் எவ்வளவு சின்னது என்று அம்மா தன் விரலை வைத்துப் பார்த்துக்கொள்வார்.

ஈரத்தோடு புளியங்கொட்டையைப் பதிக்கலாம், அழகாக இருக்கும். ஆனால் அதைப் பெரியவளிடம் மட்டும் கொடு. சின்னவன் எதையும் வாயில் போடுகிற ஆள். குன்றிமணி வேண்டவே வேண்டாம். நிறத்தைப் பார்த்து ஆசை வரும், ஆனால் கடித்து உள்ளே போனால் கொடிய விஷம்.

பாதி காய்ந்ததும் கிண்ணத்தை மெதுவாக உருவிவிட்டு, உள்பக்கமும் வெயில் படும்படி திருப்பி வை. நல்ல வெயிலாக இருந்தாலும் இரண்டு மூன்று நாள் ஆகும். அப்புறம் வண்ணம். என்ன நிறம் என்று அவர்களையே கேள். ஆச்சிக்குப் பிடித்தது மாம்பழ மஞ்சள் என்று நீ எடுத்துக் கொடுக்காதே. வேண்டுமென்றால் போனைப் போட்டு அவர்களே ஆச்சியிடம் நைசாக விசாரிக்கட்டும். பெயர் எழுதும்போதும் அப்படித்தான், பென்சிலில் கோடு போட்டுக் கொடுக்காதே. எழுத்து மலை ஏறி இறங்கினால் இறங்கட்டும்.

கூடையில் எதைப் போடுவது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அளவு அதை வைத்துத்தான். என் யோசனை, அம்மாவின் மாத்திரை அட்டைகளும் கண்ணாடியும். இப்போது கண்ணாடி ஒரு நாள் டிவி மேல், ஒரு நாள் பூஜை அலமாரியில். அந்தக் காலத்தில் இந்தக் கூடையில் அரிசிகூடப் போட்டு வைப்பார்கள். இது அச்சடித்த பேப்பர், அந்த மையை நினைத்தால் தின்கிற பொருள் போட எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் பட்டால் ஊறிவிடும், அதையும் அம்மாவிடம் சொல்லிவிடு.

மழை மூட்டத்தில் மட்டும் ஆரம்பிக்காதே, காயாமல் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் நிலைக்கும் என்று தெரிந்தால் வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரியே பேப்பரை ஊறப் போடு. வெந்தயத்தையும் மறந்துவிடாதே.

அன்புடன்,
அக்கா