‘லாம்’ படுத்தும் பாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படித்தேன். ‘மே என்றால் லாம், கேன் என்றால் முடியும்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். பக்கத்திலேயே கட்டம் போட்டு, மே என்றால் 50 சதவீத வாய்ப்பு, மைட் என்றால் 30 சதவீதம் என்றும் போட்டிருந்தீர்கள். 31 வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் எங்கே போய் முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

என் தங்கை மகனுக்குப் போன வருடம் வேலை கிடைத்தது. எப்போது சேருவீர்கள் என்று அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சலில் கேட்டார்கள். ‘திங்கட்கிழமையே சேர்ந்துக்கலாம் சார்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ‘ஐ மே ஜாயின் ஆன் மண்டே’ என்று பதில் போட்டிருக்கிறான். மறுநாளே அங்கிருந்து திரும்பக் கேள்வி: வருவீர்களா, மாட்டீர்களா, உறுதியாகச் சொல்லுங்கள். பிள்ளை பயந்துபோய் வந்தான். “மரியாதையாத்தானே எழுதினேன் பெரியம்மா?” என்றான். படித்தவர்களுக்கு அது ‘சேர்ந்தாலும் சேருவேன்’ என்றுதான் பட்டிருக்கும். மே-யை எடுத்துவிட்டு கேன் போட்டு அனுப்பினோம், சரியாகிவிட்டது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நம்முடைய ‘லாம்’ ஒரே ஆளாக மூன்று வேலை பார்க்கிறது. ‘சரி, நீ போகலாம்’ என்றால் அனுமதி. ‘வா, கடைக்குப் போகலாம்’ என்றால் கூப்பிடுகிறோம். ‘சாயங்காலம் மழை வரலாம்’ என்பது மட்டும்தான் நடக்கவும் நடக்காமல் போகவும் இடமுள்ள பேச்சு. ஆங்கிலத்தில் மே, மைட், குட் (could) மூன்றும் சேர்ந்து நிற்பது இந்தக் கடைசி இடத்தில்தான்.

இதற்கென்றே தமிழில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. வானிலை அறிவிப்பில் தினமும் கேட்கிறோமே, ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்று, அந்தக் ‘கூடும்’தான். வகுப்பில் நான் சொன்ன வழி இவ்வளவே: லாம் இருக்கும் இடத்தில் கூடும் போட்டுப் பார். அர்த்தம் மாறாமல் நின்றால் மே, மைட், குட் எதையும் எழுது. ‘திங்கட்கிழமை நான் சேரக்கூடும்’ என்று தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் என் தங்கை மகன் அப்படி எழுதியிருக்கவே மாட்டான்.

ஆனால் எதிர்மறையில் இந்த வழி உதவாது. ‘வரக்கூடும்’ என்பது வாய்ப்பு, ‘வரக்கூடாது’ என்பதோ தடை. ஆங்கில மே-யும் கிட்டத்தட்ட இப்படித்தான். ‘ஹி மே நாட் கம்’ என்றால் வராமலும் போகலாம். ‘விசிட்டர்ஸ் மே நாட் என்டர்’ என்று பலகையில் எழுதியிருந்தால் உள்ளே போகக்கூடாது.

அப்புறம் கேன். ‘இட் கேன் ரெய்ன் டுமாரோ’ என்று பத்தாம் வகுப்பு வரைக்கும் எழுதுகிறார்கள். நாளைக்கு என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்லும்போது கேன் பொருந்தாது. ‘நவம்பரில் சென்னையில் நாள்கணக்கில் மழை பெய்வதுண்டு’ என்று ஊரின் இயல்பைச் சொல்லும்போது கேன் சரி. அந்த ‘உண்டு’வைப் பிடித்துக்கொண்டால் போதும். கான்ட், மஸ்ட் இரண்டும் நமக்குச் சுலபம். வாசலில் பூட்டுத் தொங்கினால் ‘ஆள் வீட்டில் இருக்க முடியாது’ என்கிறோம், அது கான்ட். உள்ளே விளக்கு எரிந்தால் ‘ஆள் இருக்கணும்’ என்கிறோம், அது மஸ்ட். இந்த மஸ்ட்டுக்கு எதிர்ப்பதம் கான்ட்தான். மஸ்ட்நாட் என்று எழுதினால் ‘இருக்கக்கூடாது’ என்று ஆகிவிடும்.

சதவீதக் கட்டத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். யாரும் கணக்குப் பார்த்துவிட்டு மே, மைட் என்று பேசுவதில்லை. மைட் ஒரு பிடி குறைவான நம்பிக்கையைக் காட்டுவதாகச் சிலர் உணர்கிறார்கள், அவ்வளவுதான். அன்றாடப் பேச்சில் இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்துபோகின்றன. மைட் முதலில் மே-யின் இறந்தகால வடிவம். ‘வரலாம் என்று சொன்னார்’ என்பதை எழுதும்போது ‘ஹி செட் ஹி மைட் கம்’ என்று அது வருவது அதனால்தான். இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டு.

நீங்கள் தொடாமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில்தான் ரொம்ப அக்கறை. ‘அவர் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்’ என்றால் சொன்னாரா இல்லையா என்று தெரியவில்லை. மே ஹேவ் டோல்ட். ‘என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்’ என்றால் சொல்லவில்லை, மனசு நொந்திருக்கிறது. குட் ஹேவ் டோல்ட். இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைதான், குரலும் இடமும்தான் பிரித்துக் காட்டுகின்றன. என் மாணவி ஒருத்தி தோழிக்கு எழுதும் கடிதப் பயிற்சியில், உன் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கலாமே என்ற வருத்தத்தில் ‘யூ மே ஹேவ் டோல்ட் மீ’ என்று எழுதிவிட்டாள். அதன் பொருள், நீ சொல்லியிருப்பாய், எனக்குத்தான் நினைவில்லை என்பது. கோபித்துக்கொள்ள வேண்டியவளே மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிட்டது.

அடுத்த பாடத்தில் இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மன்னார்குடி