என் மாத்திரையை என்னிடம் மட்டும் பேசுங்கள்: எங்கள் பகுதி மருந்துக்கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் மெடிக்கல் ஷாப் நடத்துகிற அண்ணன்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் மருந்தாளுநர்களுக்கும், கவுண்டரில் நிற்கிற தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் கடைகளில் ஒன்றில் போன மாதம் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் இது புதிய கதையாக இருக்காது. இதே பேச்சு உங்கள் கவுண்டர்களில் நாள் தவறாமல் நடப்பதை நானே எத்தனையோ முறை வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அது என்னைப் பற்றியதாக இல்லை, அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

என் மாமனார் பிரஷர் மாத்திரை வாங்கப் போனார். மாதாமாதம் போகிற கடை. எங்கள் வீட்டுக்கு அங்கே ஒரே போன் நம்பர், அவருடையது. அதைத் தட்டினால் வீட்டில் யார் யார் என்ன மருந்து வாங்கினோம் என்பது மொத்தமும் கம்ப்யூட்டரில் வந்துவிடும். கவுண்டரில் இருந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க மருமகளுக்கு அந்த டிப்ரஷன் மாத்திரை முடிஞ்சிருக்கணுமே, அதையும் சேத்துப் போட்டுடவா?" என்று கேட்டிருக்கிறார்.

"எந்த மாத்திரைப்பா?"

"அதான் தாத்தா, மன அழுத்தத்துக்கு. மூணு மாசமா வாங்கறாங்களே."

மாமனாருக்குப் பின்னால் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருக் கடைசி வீட்டு அக்கா.

அந்தத் தம்பி கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பெரியவர் இரண்டாவது முறை நடக்க வேண்டாமே என்று உதவியாகத்தான் கேட்டிருப்பார். அவரை வேலையை விட்டு நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. அப்படி யாராவது செய்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

எனக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. எதற்கென்று தெரியாமல் அழுகை வரும். குழந்தை பக்கத்தில் வீறிட்டு அழும்போதும் கை எழும்பாமல் உட்கார்ந்திருப்பேன். என் கணவர்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். பிள்ளை பெற்ற பல பெண்களுக்கு வருவதுதான், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இந்த மாத்திரையைச் சாப்பிடலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இரண்டாவது மாதத்தில் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். இன்னும் கொஞ்சம் தேறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பக்கத்தில் இருக்கும்போது, என் வாயால் சொல்வதாக இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை உங்கள் கவுண்டர் எனக்கு விட்டுவைக்கவில்லை.

மாமனார் வீட்டுக்கு வந்து பில்லை டிவி ஸ்டாண்டில் வைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாமியாரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து குனிந்து குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டார். "நீ போய்ப் படும்மா. நான் குளிப்பாட்டறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. என் உள்ளங்கை முழுக்க எண்ணெயோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் அரிவாள்மனையைக் காணோம். தேடிப் பார்த்தால் பரண் மேல், பழைய துணி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வெங்காயம் நறுக்க வேண்டுமென்றால் மாமியாரே ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்குவார், நறுக்கி முடித்ததும் மறுபடி ஏறி மேலே வைப்பார். முட்டி வலிக்காரர். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறுவதையும் இறங்குவதையும் தினமும் இரண்டு வேளை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இறக்கித் தருகிறேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்களோ என்று பயம்.

அந்த வாரம் நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மாத்திரை இல்லாமலே சரியாக இருக்கிறேன் என்று காட்டிவிட வேண்டும் என்கிற வெறி. நான்காம் நாள் தலை சுற்றி, பாத்திரம் தேய்க்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் நாள் டாக்டரிடம் போனால், இப்படித் திடீரென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார். இப்போது மறுபடி சாப்பிடுகிறேன். என் கணவர் பாரிமுனையில் முன்பின் தெரியாத ஒரு கடையில் வாங்கி வருகிறார். அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழைய கால்சியம் டப்பாவில் போட்டு வைக்கிறேன். காலாவதித் தேதி அட்டையோடு குப்பைக்குப் போய்விடுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

நான் நேரில் பேசாமல் மடல் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடைக்குப் போய் முதலாளியிடம், கூட்டமில்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னேன். அவர் சொன்ன பதில் இது: "எல்லாம் ஒரே குடும்பம்தானேம்மா, இதுல என்ன ரகசியம்?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல். ஒரே குடும்பம்தான் அண்ணா. ஒரே ரேஷன் கார்டுதான். ஒரே அடுப்பில்தான் சாப்பிடுகிறோம். ஆனால் உடம்பு தனித்தனி. என் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது என் முடிவு. என் மாத்திரையை என்னிடம் மட்டும் பேசுங்கள் என்று நான் கேட்பது இவ்வளவுதான்.

உயர் நீதிமன்றத்தில் ஜூனியர் வக்கீலாக இருக்கிற என் தோழி சட்டத்தை எடுத்துக் காட்டினாள். உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, மருந்தாளுநர் படிப்பிலேயே இது வந்திருக்கும். இருந்தாலும் ஞாபகப்படுத்துகிறேன். 2015-இல் வந்த மருந்தாளுநர் தொழில் விதிகளில், நோயாளி நம்பிச் சொன்ன சொந்த விஷயத்தையும் குடும்ப விஷயத்தையும் சட்டம் கேட்டாலொழிய வெளியே விடக் கூடாது என்று இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சை பற்றிய விவரம் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை என்கிறது. அதே 2017-இல், ஆகஸ்ட் 24-ஆம் தேதி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். இதில் எங்கேயும் மாமனாருக்கு மட்டும் விதிவிலக்கு என்று எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்குத் தெரிந்தால்தானே கவனித்துக்கொள்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காசநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட இருப்பவர்களுக்கும் தொற்றக்கூடியது. அதற்கே சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2018-லிருந்து காசநோய் மருந்து விற்கிற கடைகளும் அரசுக்குத் தகவல் தர வேண்டும். அதற்கென இருக்கிற சுகாதாரப் பணியாளர் நோயாளியிடம் பேசி, பிறகு வீட்டில் மற்றவர்களுக்குப் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்வார். வரிசையில் நிற்கிற அண்ணனிடமோ நாத்தனாரிடமோ கவுண்டரிலிருந்து சொல்லச் சொல்லி எந்த விதியும் இல்லை. சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது இதே ஊர்தான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையத்தில் நடந்த ஆய்வு அது. அதில் சேர்ந்தவர்கள் இடுக்கு வீடுகளில் இருந்த சென்னை ஏழைகள். வீட்டிலேயே வைத்துக் குணமாக்கலாம் என்று ஆன பிறகு, அந்த வீட்டில் நோயாளி தலைநிமிர்ந்து இருக்கவும் முடிய வேண்டாமா? ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து ஒருவர் ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டால், அந்த நோய் மருந்துக்கு மசியாத நோயாக மாறலாம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாப்கின் கேட்டால் பேப்பரில் சுற்றி, கருப்பு கவரில் போட்டு, யாரும் பார்க்காதபடி நீட்டுகிறீர்கள். அதில் மறைக்க ஒன்றுமே இல்லை. மறைக்க வேண்டியதையோ உள்ளே ரேக்கில் நிற்கிறவருக்குக் கேட்கும்படி மருந்துப் பெயர் சொல்லிக் கூவுகிறீர்கள். எச்1 வகை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய, தனிக் கட்டுப்பாடுள்ள மருந்து விற்றால் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் பத்திரமாக வைக்க வேண்டிய பதிவேட்டைக் கவுண்டர் மேலேயே விரித்துப் போட்டிருக்கிற கடையை நான் பார்த்திருக்கிறேன். என் முறை வருவதற்குள் நான்கு பேர் பெயரைப் படித்துவிட்டேன். படிக்கக் கூடாது என்று தெரியும், கண் போய்விட்டது. ஆஸ்பத்திரி ஓபி வரிசையில் போனாலும் இதே கதைதான். பெயரோடு நோயையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். வசதியானவர்களுக்கு மருந்து ஒட்டி மூடிய கவரில் வாசலுக்கே வருகிறது. வடசென்னைக்காரர்கள் என்றால் மட்டும் எங்களுக்கு அந்தரங்கம் எதற்கு என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்களா? பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிற எங்கள் வீடுகளில் ஒரு மாத்திரை அட்டையை ஒளித்துவைக்க ஒரு அலமாரி கிடையாது. எங்களுக்கு இருக்கிற ஒரே பூட்டு உங்கள் வாய்தான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும். உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு ஒரு நம்பர் என்பதை விட்டு, ஆளுக்கொரு கணக்காகப் பிரித்து வையுங்கள். போன் இல்லாதவர்களுக்குப் பெயரை வைத்துப் பிரிக்கலாம். யார் வந்து நிற்கிறாரோ அவர் கேட்ட மருந்தை மட்டும் எடுங்கள். இன்னொருவர் மருந்து தீர்ந்திருக்கும் என்று தோன்றினால் அந்த இன்னொருவருக்கே போன் செய்து கேளுங்கள். வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பும்போது மருந்துப் பெயரைப் போடாதீர்கள், "உங்கள் மருந்து வாங்கும் நாள்" என்றால் எங்களுக்குப் புரியும். அப்புறம், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வீட்டில் ஒருவர் சீட்டோடு வந்து வாங்குவது நடக்கத்தான் செய்யும். அப்போது எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவரிடம் விளக்கித்தான் ஆக வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. அதையும் பின்னால் நிற்பவருக்குக் கேட்காமல் சொல்லுங்கள். புதிதாகச் சேர்கிற தம்பி தங்கைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள். இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. பார்மசி கவுன்சிலுக்கும் இந்த மடலின் பிரதியை அனுப்புகிறேன். எந்தக் கடை மீதும் நடவடிக்கை கேட்டு அல்ல. எல்லாக் கடைக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பச் சொல்லித்தான்.

உங்கள் அருமை தெரியாதவள் இல்லை நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றபோது, உங்களில் ஒருவர்தான் ஷட்டரைப் பாதி தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் தேடி, எங்கள் மாமனாருக்கு இன்சுலின் எடுத்துக் கொடுத்தார். காசு பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றார். இன்னொரு கடைக்காரர் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்திருக்கிறார். டாக்டரைவிட உங்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். ஒரு சந்தேகம் என்றால் முதலில் உங்களிடம்தான் வருகிறோம். அதனால்தான் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போகாமல் உங்களுக்கே எழுதுகிறேன். என் மாத்திரையை என்னிடம் மட்டும் பேசுங்கள். தயவுசெய்து.

வீட்டில் இப்போது கொஞ்சம் பரவாயில்லை. போன வாரம் டாக்டர் மாமியாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார், என் சம்மதத்தோடு. அன்று ராத்திரி குழந்தையை என் பக்கத்தில் படுக்க வைத்தார். அரிவாள்மனை இன்னும் பரணில்தான் இருக்கிறது.

வரும் பதினெட்டாம் தேதி என்னுடைய மாத்திரை தீர்கிறது. பாரிமுனை வரை போகாமல், தெருமுனையில் இருக்கிற உங்கள் கடைக்கே வரத்தான் எனக்கு ஆசை. வரலாமா என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி,
தண்டையார்பேட்டை