பேஸ்மென்ற் போய்விட்டதா, ரூபன்?

அன்புள்ள ரூபன்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் புட்டும் நண்டுக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் போன் அடித்தது. நீ வாடகைக்கு விளம்பரம் போட்டிருந்த பேஸ்மென்ற் பார்க்க வரலாமா என்று ஒரு பெண் கேட்டார். ஜமேக்காப் பக்கத்து ஆங்கிலம். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. அது நேற்றே போய்விட்டது என்றாய். போனை வைத்த கையோடு எங்களைப் பார்த்து, "கறுவல் ஒண்டு கேக்குது. குடுத்தால் பிறகு எழுப்பேலாது அண்ணை" என்றாய். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரவு வீட்டுக்கு வந்து பார்த்தால் விளம்பரம் அப்படியே கிடக்கிறது: தனி வாசல், தனிக் குசினி, பஸ் பக்கத்தில்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் உன்னை வெட்கப்படுத்தக் கூடாது என்று விட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நண்டுக்கறி நல்லாயிருந்தது, சண்டை பிடிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்தச் சொல். "நிறத்தைத்தானே சொல்றம், அதில என்ன பிழை" என்பாய். என்னையும் ஊரில் கறுவல் என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் செல்லமும் இருந்தது, குத்தலும் இருந்தது. சரி, அது எங்களுக்குள். இங்கே நாங்கள் அதை எப்படிப் பாவிக்கிறோம் என்று காது கொடுத்துக் கேள். "வெள்ளைக்காரர் ஒருத்தர் வந்தவர்" என்போம். "கறுவல் ஒண்டு நிக்குது" என்போம். ஒரே பஸ் தரிப்பில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் 'அவர்', மற்றவர் 'அது'. இங்கிலீசில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால்தான் எங்களை யாரும் பிடிப்பதில்லை. உன் மகள் பிடித்துவிட்டாள், கவனித்தாயா? "அப்பா, ஏன் 'கேக்குது'?" என்று கேட்டவள் அவள் மட்டும்தான். தமிழ் வகுப்பில் உயர்திணை, அஃறிணை படிக்கிறாள்.

1988இல் நான் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது வெலெஸ்லி வீதியில் ஓர் அறையில் ஐந்து பேர். வேறு வீடு தேடி நான் எடுத்த கோல்களில் பாதி, என் உச்சரிப்பைக் கேட்டதும் முடிந்துவிடும். 'போய்விட்டது' என்ற அதே பதில்தான். கறி மணக்கும், ஆட்கள் கூடிவிடுவார்கள் என்று சிலர் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். (ஆட்கள் கூடியது பொய்யில்லை.) கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. என்னை மறுத்தால் கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது என்பதோ, அது யாருடைய போராட்டத்தில் வந்தது என்பதோ எனக்கு அப்போது தெரியாது.

டிரெஸ்டன் என்று ஒரு சிற்றூர், இங்கிருந்து மேற்கே மூன்று மணி நேர ஓட்டம். அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்து தப்பி வந்தவர்கள் 1840களில் குடியேறிய இடம். அப்படி வந்த ஜொசையா ஹென்சனின் வீடு இன்றும் அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. கனடா தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் கதைக்கு அந்த ஊர்தான் சாட்சி. அதே ஊரில், நூறு வருடம் கழித்து, கறுப்பின மக்கள் ஓர் உணவகத்தில் இருந்து கோப்பி குடிக்க முடியாது. முடி வெட்டும் கடையிலும் அதே கதை.

ஹியூ பேர்னெற் என்ற தச்சர் 1943இல் ஒட்டாவாவுக்குக் கடிதம் எழுதினார். இதைத் தடுக்கச் சட்டமில்லை என்று பதில் வந்தது. அவரும் அயலவர்களும் தேசிய ஒற்றுமைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி நகரசபையை நெருக்கினார்கள். 1949இல் ஊரில் வாக்கெடுப்பு வைத்தார்கள்: உணவகங்களில் நிறம் பார்ப்பதைத் தடைசெய்யலாமா? ஆம் 108. இல்லை 517. அந்த 517 பேரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் முகமூடி போட்ட கொலைகாரர் இல்லை, ரூபன். தேவாலயத்துக்குப் போய், பிள்ளை வளர்த்து, கடை வியாபாரம் கெட்டுவிடுமே என்று பயந்த சனம். எனக்கு ஒன்றுமில்லை, வருகிற ஆட்களுக்குப் பிடிக்காது என்றிருப்பார்கள். நீயும் அன்று "அயலட்டை என்ன சொல்லும்" என்றாய்.

1954இல் ஒன்ராறியோ மாகாணம் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது. போட்ட பிறகும் கடைக்காரர் மறுத்தார். ஜமேக்காவில் பிறந்த தொழிற்சங்கக்காரர் புரொம்லி ஆம்ஸ்ட்ரோங் ரொறன்ரோவிலிருந்து அங்கே போய், மேசையில் இருந்து, சாப்பாடு தர மறுக்கிறார்கள் என்று நிரூபித்தார். வழக்கு இழுபட்டு 1956இல்தான் அந்தக் கடையில் பரிமாறினார்கள். பேர்னெற்றுக்கு ஊரில் தச்சு வேலை கிடைக்காமல் போக, அவர் ஊரை விட்டே போனார். 1962இல் வந்த ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவைக்கு முன்கதை இதுதான். பிறகு பலமுறை திருத்தப்பட்ட அந்தச் சட்டக்கோவைதான் 1988இல் என் பக்கம் நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு கடை ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்ச் சந்தித் தேத்தண்ணிக்கடையில் அப்புவின் காலத்தில் சாதி பார்த்துச் சிலருக்குப் பேணி, சிலருக்குப் போத்தல். இலங்கையில் அதற்கு எதிரான சட்டம் வந்தது 1957இல், டிரெஸ்டனில் கோப்பி கிடைத்து ஒரு வருடத்தில். அதற்குப் பிறகும் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போக 1960களில் போராட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு ஆட்களுக்கு எதில் தேத்தண்ணி கிடைத்தது என்று உனக்குத் தெரியும். ஆகவே இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கின பழக்கம் என்று தப்பப் பார்க்காதே.

"பொலிஸ் ஏன் அவையை மட்டும் பிடிக்குது?" கறுப்பினத்தவரைப் பற்றி இது உன் அடுத்த கேள்வியாக இருக்கும். 1990களின் கடைசியில் உன் பழைய சிவிக் காரை எத்தனை தரம் மறித்தார்கள்? தமிழ்ப் பெடியளின் குழுச் சண்டை என்று பத்திரிகைகள் எழுதிய காலம். யாரோ கொஞ்சப் பெடியள் வாள் தூக்கினதுக்கு, இரவு வேலை முடிந்து வந்த நீ பொனற்றில் கை வைத்துக்கொண்டு பனிக்குள் நின்றாய். எங்கள் மேல் இருந்த அந்தப் பார்வை பத்துப் பதினைந்து வருடத்தில் கழன்றுவிட்டது. அவர்கள் மேல் கழலவில்லை. 2013 முதல் 2017 வரை ரொறன்ரோ பொலிஸ் சுட்டு இறந்தவர்களில் ஏறக்குறைய 70 வீதம் கறுப்பினத்தவர். நகரத்தின் சனத்தொகையில் அவர்கள் 8.8 வீதம். மாகாண மனித உரிமை ஆணையம் 2018இல் வெளியிட்ட கணக்கு இது. 2022இல் பொலிஸ் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். யாரை எவ்வளவு மறிக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல், பிடிபட்டவர்களை மட்டும் எண்ணி ஒரு இனத்தை எடை போடுவது உனக்கு நடந்தபோது பிழை என்றாய்.

நல்ல ஜமேக்காப் பெண்மணி ஒருவரின் கதை என்னிடமும் இருக்கிறது. சொல்லப்போவதில்லை. ஒரு பேஸ்மென்ற் எடுக்க அவர்கள் தங்கமான மனிசர் என்று நான் சாட்சி சொல்லத் தேவையில்லை. வேலைக் கடிதம், கிரெடிற் றிப்போர்ட், பழைய வீட்டுக்காரரின் நம்பர், எல்லாரிடமும் கேட்பதையே கேள், சரிவராவிட்டால் கொடுக்காதே. குசினியோ குளியலறையோ உன்னோடு பகிராத வீட்டை நிறம் பார்த்து மறுப்பது சட்டத்துக்கு மாறானது, அதையும் தெரிந்துகொள். அப்புறம், முன்பு இருந்த எங்கள் ஊர்க்காரர் மூன்று மாத வாடகை கட்டாமல் இரவோடிரவாகப் போனாரே, அதற்குப் பிறகு "இனித் தமிழருக்குக் குடுக்க மாட்டன்" என்று நீ சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த அம்மாவின் நம்பர் இன்னும் உன் போனில் இருக்கும். வீடு போகவில்லை என்று சொல். அன்று சொன்னது பொய் என்றும் சொல்லிவிடு, கஷ்டம்தான். அவர் இதற்குள் வேறு இடம் எடுத்திருப்பார், உனக்கு நல்லாய் ஏசவும் கூடும். ஏசட்டும்.

சனிக்கிழமை பிள்ளையைத் தமிழ் வகுப்பிலிருந்து நான் ஏற்றிக்கொண்டு வருகிறேன். நீ கோல் எடுத்தாயா என்று வாசலிலேயே அவள் கேட்பாள், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணை