முதலில் உங்கள் சிறைகளைத் திறங்கள்: அரபு தகவல் அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரபு நாடுகளில் தகவல் துறையைக் கையில் வைத்திருக்கும் அமைச்சர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

2025 ஆகஸ்ட் 10 இரவு, காஸா நகரில் அல்-ஷிஃபா மருத்துவமனைக்குப் பக்கத்தில் செய்தியாளர்கள் தங்கியிருந்த கூடாரத்தை இஸ்ரேல் தாக்கியது. அல் ஜசீரா தொலைக்காட்சியின் அனஸ் அல்-ஷரீஃப், முஹம்மது குரைக்கா, கூடவே இருந்த ஒளிப்பதிவாளர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள். அனஸுக்கு வயது 28. அடுத்த இரண்டு வாரத்தில் கான் யூனிஸின் நாசர் மருத்துவமனையில் ஒரு குண்டு விழுந்தது. அடிபட்டவர்களைத் தூக்கவும் படம்பிடிக்கவும் ஆட்கள் ஓடி வந்த பிறகு அதே இடத்தில் இன்னொன்று விழுந்தது. மர்யம் அபூ தக்கா உட்பட ஐந்து செய்தியாளர்களை அன்று இழந்தோம்.

2023 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளர்களை இஸ்ரேல் சுதந்திரமாக காஸாவுக்குள் விடவில்லை. அங்கே நடந்ததை உலகம் பார்த்ததே உள்ளூர்க்காரர்களான இவர்களால்தான். அல் ஜசீராவின் காஸா செய்தியாளர் வாஇல் அத்-தஹ்தூஹ் ஒரே இஸ்ரேல் தாக்குதலில் மனைவி, மகன், மகள், பேரன் எல்லோரையும் பறிகொடுத்தார். ஜனாஸா தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பவும் கேமரா முன் வந்து நின்றார். பிறகு அவருடைய மூத்த மகன் ஹம்ஸாவையும் கொன்றார்கள். அவனும் செய்தியாளன்தான்.

இவர்களுக்காக உங்கள் அரசுகள் கண்டனம் தெரிவித்தன. அந்தக் கண்டனம் தேவைதான். ஆனால் அதைச் சொன்ன வாய்க்கு உலகத்தில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்று யோசித்துப் பார்த்தீர்களா?

அனஸைக் கொன்ற கையோடு இஸ்ரேல் ராணுவம் என்ன சொன்னது? அவர் செய்தியாளர் வேடத்தில் இருந்த பயங்கரவாதி என்றது. அல் ஜசீரா அதை மறுத்தது. இந்தப் பழியே அவர் உயிருக்கு ஆபத்து என்று செய்தியாளர் பாதுகாப்புக் குழு (சிபிஜே) அதற்கு முந்தைய மாதமே எச்சரித்திருந்தது. பயங்கரவாதி என்று முத்திரை குத்திவிட்டால் போதும், கேள்வி கேட்க யாரும் வர மாட்டார்கள் என்ற தைரியம் அவர்களுக்கு.

அந்தத் தைரியம் உங்களிடமும் இருக்கிறதே! அதே 2025-ல், ஜூன் 14 அன்று, சவூதி அரேபியா துர்கி அல்-ஜாஸிருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. பெண்களின் உரிமை பற்றியெல்லாம் எழுதிய செய்தியாளர் அவர். 2018-ல் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு ஆண்டு சிறைக்குப் பிறகு தேசத்துரோகம், பயங்கரவாதம் என்று சொல்லி உயிரை எடுத்துவிட்டார்கள். அவரைப் பிடித்த அதே 2018-ல்தான் சவூதிச் செய்தியாளர் ஜமால் கஷோகி திருமணத்துக்கான காகிதங்களை வாங்க இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் போனார். உள்ளேயே அவரைக் கொன்றுவிட்டார்கள். அவர் உடல்கூட இதுவரை கிடைக்கவில்லை.

எகிப்தைப் பாருங்கள். ஷவ்கான் என்று எல்லோரும் அழைக்கும் புகைப்படக்காரர் 2013 ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ராபியா சதுக்கத்தில் போராட்டக்காரர்களைப் பாதுகாப்புப் படைகள் கொன்று குவித்ததைப் படம்பிடிக்கப் போனார். கேமராவோடு கைது செய்தார்கள். ஐந்து ஆண்டுக்கும் மேல் உள்ளே இருந்தார். 2018-ல் யுனெஸ்கோ அவருக்குப் பத்திரிகைச் சுதந்திர விருதை அறிவித்தபோது, பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்டவருக்கா விருது என்று எகிப்து வெளியுறவு அமைச்சகம் எதிர்த்தது. அனஸைப் பற்றி இஸ்ரேல் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஒன்று குண்டு போட்டது, இன்னொன்று பூட்டி வைத்தது. சாட்டிய பழி ஒன்றுதான்.

துனிசியாவில் 2022-ல் வந்த 54-ஆம் ஆணை, பொய்ச் செய்தி என்று அரசு நினைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. அரசு ஊழியர் சம்பந்தப்பட்டால் அது இரட்டிப்பு. மேற்குக் கரையின் சில பகுதிகளை நிர்வகிக்கும் பாலஸ்தீன அதிகார சபையும் விதிவிலக்கு இல்லை. மேற்குக் கரையின் ரமல்லாவில் அல் ஜசீரா அலுவலகத்தை இஸ்ரேல் வீரர்கள் 2024 செப்டம்பரில் மூடினார்கள். 2025 ஜனவரியில் அதிகார சபையே அந்தச் சானலுக்குத் தடை போட்டது. பாலஸ்தீனச் செய்தியாளர் ஷிரீன் அபூ அக்லே வேலை பார்த்த சானல் அது. தலையில் கவசமும் உடம்பில் பிரஸ் என்று எழுதிய அங்கியுமாக நின்ற அவரை 2022-ல் ஜெனினில் இஸ்ரேல் ராணுவம் சுட்டுக் கொன்றபோது, அவர் பெயரைச் சொல்லி அழுத சபைதான் அந்தத் தடையைப் போட்டது.

சரி, இதில் உனக்கென்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு கிடையாது. மாதக்கணக்கில் சம்பளம் தராமல் ஒரு கம்பெனி இழுத்தடித்தால், கேம்ப்பில் தண்ணீரோ கரண்டோ நின்றுவிட்டால், அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் யாரோ பயந்து பயந்து அனுப்பும் குரல் பதிவாகத்தான் வீட்டுக்கு வரும். நீங்கள் நடத்தும் பத்திரிகைகளில் அதைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. கத்தாரில் காவலாளியாக இருந்த கென்யாக்காரர் மால்கம் பிடாலி, தொழிலாளர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று புனைபெயரில் எழுதினார். 2021 மே மாதம் அவரைப் பிடித்துத் தனிமைச் சிறையில் வைத்தார்கள், அப்புறம் அபராதமும் விதித்தார்கள். அல் ஜசீராவை உலகத்துக்குத் தந்த நாட்டில் நடந்தது இது.

2011 ஜனவரியில் அரசுக்கு எதிராகத் திரண்ட மக்களால் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் நிரம்பி வழிந்தபோது, எகிப்து அரசுத் தொலைக்காட்சி அமைதியான நைல் பாலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் செய்தியாளர் ஷஹீரா அமீன் அரசின் நைல் டிவியிலிருந்து விலகினார். மக்கள் அன்றைக்கே சானலை மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு நீங்கள் காஸாவைப் பற்றி உண்மையைச் சொன்னாலும் அரசு ஊடகம்தானே என்று தள்ளிவிடுகிறார்கள். அந்த இழப்பு உங்களோடு நிற்கவில்லை, காஸாக்காரனுக்கும் சேர்த்துத்தான்.

பெற்றோருக்கும் உறவுக்கும் எதிராகப் போனாலும் நீதிக்குச் சாட்சி சொல் என்று நம் மார்க்கம் கட்டளையிடுகிறது. செய்தியாளன் செய்வது அதைத்தான்.

நான் கேட்பது இதுதான். உங்கள் தகவல் அமைச்சர்கள் கவுன்சில் அடுத்து கூடும்போது, காஸா பற்றிய தீர்மானத்துக்கு முன்பாக, ஒவ்வொரு நாடும் தன் சிறையில் இருக்கும் செய்தியாளர்களின் பெயர்ப் பட்டியலை மேஜையில் வையுங்கள். சட்டங்களைத் திருத்த நாளாகும், அது எனக்கும் தெரியும். விடுவிக்க நாளாகாது. 2024 ஜூலையில் மொரோக்கோ மன்னர் உமர் ராதி, சுலைமான் ரைசூனி, தவ்ஃபீக் பூஅஷ்ரீன் என்ற மூன்று செய்தியாளர்களுக்கும் பொதுமன்னிப்பு கொடுத்தார், வீட்டுக்குப் போனார்கள். அந்த மூவரைப் போலவே உங்கள் பட்டியலில் இருப்பவர்களும் வீட்டுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகன்