சீசன் சுருங்கினா எல்லாரும் எல்லார் கூடவும் ஆடணும்னு கட்டாயம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, புயலோ வியாதியோ வந்து ஹைஸ்கூல் ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) சீசன் குறைஞ்சு போச்சுன்னா ரொம்ப யோசிக்க ஒண்ணும் இல்ல, கான்ஃபரன்ஸ்ல, அதாவது சில ஸ்கூல் சேந்த லீக்ல, இருக்கிற எல்லா டீமும் மத்த டீமோட ஒரு தடவ ஆடிடட்டும், ஜாஸ்தி ஜெயிச்சவன் சாம்பியன், அதுதான் நியாயம்னு. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2021-ல இங்க நார்த் கரோலினால எங்க கான்ஃபரன்ஸ் அத அப்படியே செஞ்சு பாத்துச்சு, என் பையன் அந்த சீசன்ல ஆடுனவன், அதனால இத எழுதாம இருக்க முடியல.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். 2020-ல கோவிட்னால இங்க ஆகஸ்ட்ல ஆரம்பிக்க வேண்டிய சீசன் நடக்கவே இல்ல, அத அப்படியே தூக்கி அடுத்த வருஷம் பிப்ரவரிக்கு தள்ளினாங்க, முதல் மேட்ச் பிப்ரவரி 26, ரெகுலர் சீசனுக்கு, அதாவது ப்ளேஆஃப் நாக்அவுட்டுக்கு முன்னாடி ஆடறதுக்கு, 7 மேட்ச்தான். கூடைப்பந்து மாதிரி செவ்வாய் ஒண்ணு வெள்ளி ஒண்ணுன்னு ஆடித்தீர்க்கவும் முடியாது, இது பேடு ஹெல்மெட் போட்டு ஒருத்தன் மேல ஒருத்தன் மோதுற விளையாட்டு, வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல உடம்பு தாங்காது. அதனால எத்தன வெள்ளிக்கிழமை இருக்கோ அத்தன மேட்ச், அவ்வளவுதான்.

எங்க கான்ஃபரன்ஸ்ல 8 டீம். ஒவ்வொருத்தரும் மத்த 7 பேரோட ஆடணும், மொத்தம் 28 மேட்ச், கையில இருந்ததும் 7 வெள்ளிக்கிழமை. கணக்கு அச்சு அசலா பொருந்துச்சு, அதுதான் பிரச்சனையே. தையல்காரர் ஓரத்துல பிடிச்சு தைக்க துணி விடாம அளவுக்கு அளவா வெட்டிட்ட மாதிரி ஆயிடுச்சு. ஒரு டீம்ல ரெண்டு பசங்களுக்கு பாசிட்டிவ் வந்தா மொத்த டீமையும் 14 நாள் உக்கார வெச்சாங்க, 14 நாள்னா ரெண்டு வெள்ளிக்கிழமை, அந்த டீமுக்கு ரெண்டு மேட்ச் போச்சு, அவங்களோட ஆட வேண்டிய ரெண்டு டீமுக்கு ஆளுக்கு ஒண்ணு போச்சு, தள்ளி வெச்சு ஆட ஒரு வாரம்கூட காலியா இல்ல. வியாழக்கிழமை ராத்திரி கோச்கிட்ட இருந்து மெசேஜ் வரும், நாளைக்கு மேட்ச் இல்ல, ஸாரின்னு. பையன் ஜெர்ஸிய மடிச்சு பைல வெச்சு ரெடியா இருப்பான், அத திரும்ப எடுத்து ஹேங்கர்ல மாட்டுவான், ஒண்ணும் பேச மாட்டான். சீசன் கடைசில பாத்தா சில டீம் 7 ஆடியிருக்கு, ஒரு டீம் வெறும் 4. இதுல யார் சாம்பியன்னு எப்படி சொல்றது?

இன்னொண்ணும் சொல்லணும். சீனியர் நைட்னு ஒண்ணு இருக்கு, 12-ம் கிளாஸ் பசங்க அப்பா அம்மாவோட மைதானத்துக்கு நடுவுல நடந்து வருவாங்க, வழக்கமா கடைசி ஹோம் மேட்ச்ல தான் வைப்பாங்க. அந்த வருஷம் முதல் ஹோம் மேட்ச்லயே வெச்சுட்டாங்க, ஏன்னா அடுத்தது நடக்குமான்னு யாருக்கும் தெரியாது. மாஸ்க் போட்டுக்கிட்டு கையில பூவோட நின்ன அந்த பெத்தவங்கள பாத்தப்போதான் எனக்கு தோணுச்சு, சீசன் சுருங்கும்போது கேக்க வேண்டிய கேள்வி யார் சாம்பியன்ங்கறது இல்ல, ஒவ்வொரு பையனுக்கும் எத்தன மேட்ச் உறுதியா கிடைக்கும்ங்கறதுதான். ஹைஸ்கூல்ல ஆடற பசங்கள்ல பெரும்பாலானவங்க காலேஜ்ல ஆடப்போறதில்ல, அவங்களுக்கு ஃபுட்பால்னா அதோட முடிஞ்சுது.

மத்த ஸ்டேட் எல்லாம் அப்ப என்ன செஞ்சாங்கன்னும் பாத்தா நல்லா புரியும். இல்லினாய்ல மார்ச் ஏப்ரல்ல 6 வாரம் ஆடினாங்க, ஸ்டேட் ப்ளேஆஃபே கிடையாது. மிச்சிகன்ல 6 மேட்ச், அப்புறம் எல்லா டீமையும் ப்ளேஆஃப்ல சேத்தாங்க, நடுவுல நவம்பர்ல நிறுத்தி கடைசில ஃபைனல் 2021 ஜனவரிலதான் டெட்ராய்ட் ஃபோர்டு ஃபீல்டுல நடந்துச்சு. நியூ ஜெர்சில அக்டோபர்ல ஆரம்பிச்சு, ரெகுலர் சீசன் முடிஞ்சதும் ஸ்டேட் சாம்பியன்னு யாரையும் தேடாம, கிட்டத்தட்ட ஒரே பலத்துல இருக்கிற டீமா பாத்து நாலு நாலு டீமா சின்ன குரூப் போட்டு ஆட விட்டாங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது ஒஹாயோ. 6 மேட்ச் ரெகுலர் சீசன், விரும்புற எல்லா டீமும் ப்ளேஆஃப்ல ஆடலாம், அதுல தோத்து வெளிய வந்தவங்களும் வீட்டுக்கு போக வேண்டாம், 10 மேட்ச் வரைக்கும் வேற டீமோட பேசி ஆடிக்கலாம்னு விட்டாங்க. பையனோட மேட்ச் எண்ணிக்கைய முதல்ல யோசிச்சவங்க அவங்கதான்னு நான் சொல்வேன்.

சரி, எங்க மாதிரி 8 டீம் கான்ஃபரன்ஸ் 7 வாரத்துல என்ன செஞ்சிருக்கலாம்? பக்கத்து பக்கத்து ஸ்கூலா பாத்து நாலு நாலா பிரிச்சிருக்கலாம். போன வருஷ ரேங்க பாத்து பிரிக்கணும்னு சில கோச் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, பஸ் டிரைவருக்கு இருக்கிற தட்டுப்பாட்டுல தூரம் குறையறதுதான் முக்கியம். முதல் 3 வாரம் குரூப்புக்குள்ள ஆடிடலாம். 4-வது வாரம் காலி, விட்டுப்போன மேட்ச் ஏதாவது இருந்தா அதுல ஆடலாம். அப்புறம் ரெண்டு குரூப்லயும் மேல இருக்கிற ரெண்டு ரெண்டு டீம் ஒரு பக்கம், கீழ இருக்கிற ரெண்டு ரெண்டு டீம் ஒரு பக்கம், 5, 6 வாரத்துல எதிர் குரூப் ஆளுங்களோட ஆடலாம், குரூப்புக்குள்ள ஏற்கனவே ஆடுன ரிசல்ட்ட அப்படியே சேத்துக்கலாம். 2007 கிரிக்கெட் உலகக்கோப்பைல சூப்பர் எய்ட்டுக்கு அப்படித்தான் செஞ்சாங்க. 7-வது வாரம் மறுபடியும் கையிருப்பு. ஆளுக்கு 5 மேட்ச் உறுதி, ரெண்டு வாரம் மிச்சம், எல்லாம் நல்லபடியா போனா அந்த ரெண்டு வாரத்துலயும் கூட ஆடிக்கலாம், யாரு தடுக்கப்போறா.

10 டீம் இருந்தா இன்னும் அழகா வரும். எல்லாரும் எல்லாரோடயும் ஆடணும்னா 9 வாரம், 45 மேட்ச், சுருங்குன சீசன்ல நடக்காத காரியம். ஐபிஎல்லயே 2022-ல 10 டீம் ஆனப்போ எல்லாரும் எல்லாரோடயும் ரெண்டு தடவ ஆடினா 18 மேட்ச் ஆகும்னு அஞ்சு அஞ்சா பிரிச்சு ஆளுக்கு 14-ஆ குறைச்சாங்க, சென்னை ஒரு குரூப் மும்பை ஒரு குரூப்ல இருந்தும் அந்த ரெண்டு டீமும் ரெண்டு தடவ மோதற மாதிரி வெச்சாங்க, யாரும் அநியாயம்னு சொல்லல. அதே மாதிரி இங்கயும் அஞ்சு அஞ்சா பிரிங்க. அஞ்சுங்கறது ஒத்தப்படை, அதனால வாராவாரம் ஒவ்வொரு குரூப்லயும் ஒரு டீம் சும்மா இருக்கும். அந்த ரெண்டு சும்மா டீமையும் ஒண்ணோட ஒண்ணு மோத விட்டா போதும், 5 வாரத்துல ஆளுக்கு 4 குரூப் மேட்ச், 1 எதிர் குரூப் மேட்ச், ஒரு வாரம்கூட வீணாகாது. எந்த வாரம் யார் சும்மா இருக்கணும்ங்கறத நாமளே முடிவு பண்ணலாம்ங்கறதால ஊருக்கு ஊரு பரம்பரையா வர்ற போட்டி டீம் வேற குரூப்புக்கு போயிருந்தாலும் அந்த மேட்ச விட வேண்டாம். 6-வது வாரம் முதலிடம் முதலிடத்தோட, ரெண்டாவது ரெண்டாவதோட, இப்படி கடைசி வரைக்கும். ஏற்கனவே மோதிட்ட ஜோடி மறுபடி வந்தா பக்கத்து இடத்தோட மாத்திக்கலாம். இதுல கடைசி இடத்து டீமுக்கும் அந்த வெள்ளிக்கிழமை ஜெயிக்க வாய்ப்பு இருக்கிற ஒரு மேட்ச் கிடைக்கும், 50-0 வாங்கிட்டு பஸ் ஏற வேண்டியதில்ல.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, ரூல எல்லாம் முதல் விசிலுக்கு முன்னாடியே எழுதி வெச்சுடணும். மேட்ச் ரத்தானா அது தோல்வியா இல்ல கணக்குலயே வராதா? ஒரு வாரம் ரெண்டு மேட்ச் ரத்தாகி ரெண்டு டீம் ஆரோக்கியமா கையக்கட்டிட்டு நின்னா அவங்க ரெண்டு பேரும் ஆடலாமா, அத புதன்கிழமைக்குள்ள யாரு முடிவு பண்றது? மூணு டீம் சமமா நின்னு, ஒருத்தர ஒருத்தர் சுத்தி தோக்கடிச்சிருந்தா என்ன பண்றது? டெக்சாஸ்ல சில டிஸ்ட்ரிக்ட்ல (கான்ஃபரன்ஸுக்கு அங்க அதான் பேரு) காசு சுண்டி முடிவு பண்ணியிருக்காங்க, பசங்க மூணு மாசம் பட்ட பாட்டுக்கு அது மரியாதை இல்லன்னு நினைக்கிறேன். பாயிண்ட் வித்தியாசத்த பாக்கலாம், ஆனா ஒரு மேட்சுக்கு 14 பாயிண்டுக்கு மேல கணக்குல எடுக்கக்கூடாது, இல்லாட்டி 40-0 இருக்கும்போதும் மெயின் ப்ளேயர வெளிய எடுக்காம ஆட விடுவாங்க, அடிபடறது பசங்கதான்.

முன்னாடியே யோசிக்கலன்னா என்ன ஆகும்னு பெரிய இடத்துலயே பாத்தோம். 2020-ல காலேஜ் ஃபுட்பால்ல பிக் டென் கான்ஃபரன்ஸ், சாம்பியன்ஷிப் ஆட குறைஞ்சது 6 மேட்ச் ஆடியிருக்கணும்னு ரூல் போட்டாங்க. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மேட்ச் ரத்தாகி ரத்தாகி 5 தான் தேறுச்சு, அஞ்சும் ஜெயிச்சவங்க. டிசம்பர்ல, சீசன் முடியற நேரத்துல அந்த ரூலயே எடுத்துட்டாங்க. ரூல் அப்படியே இருந்திருந்தா ஃபைனலுக்கு போயிருக்க வேண்டிய இண்டியானாவ ஒஹாயோ ஸ்டேட் நேர்லயே ஜெயிச்சிருந்துச்சு, அதனால ஃபைனலுக்கு போனது சரியான டீம்தான்னு நானும் ஒத்துக்கறேன், ஆனா ரூல பாதில மாத்துனது இன்னிக்கு வரைக்கும் பேச்சா இருக்கு. அவ்வளவு வக்கீலும் ஆபீசும் இருக்கிற இடத்துலயே அப்படின்னா, பகல்ல ஹிஸ்டரி பாடம் எடுத்துட்டு சாயங்காலம் ஸ்கூல் விளையாட்டு எல்லாத்துக்கும் பொறுப்பான அத்லெடிக் டைரக்டர் வேலையும் பாக்கற ஒருத்தர் அவசரத்துல ஃபோன்ல முடிவு பண்ணா எப்படி இருக்கும்.

கோவிட் போச்சு, இனி எதுக்கு இதெல்லாம்னு கேக்கலாம். 2024 செப்டம்பர் கடைசில ஹெலீன் புயல் வந்து ஆஷ்வில் பக்கம் ஸ்கூல் எல்லாம் வாரக்கணக்குல மூடிக்கிடந்துச்சு, அங்க பசங்களுக்கு சீசன் நடுவுலயே அறுந்து போச்சு. கலிஃபோர்னியால காட்டுத்தீ புகைல மேட்ச் தள்ளிப்போறது வாடிக்கையாயிடுச்சு. ரெஃப்ரி தட்டுப்பாடு வேற, 2018-19-க்கு அப்புறம் நாடு முழுக்க சுமார் 50,000 ஹைஸ்கூல் அம்பயர், ரெஃப்ரிங்க விலகிட்டாங்கன்னு தேசிய ஹைஸ்கூல் சங்கமே 2022 வாக்குல சொல்லியிருந்துச்சு. சீசன் மறுபடி சுருங்கத்தான் போகுது. அப்படியே பின்னாடி இழுத்துக்கிட்டும் போக முடியாது, 2021-ல மே மாசம் ஃபைனல் முடிச்சு ஆகஸ்ட்லயே அடுத்த சீசன் ப்ராக்டிஸுக்கு நின்னாங்க இங்க பசங்க, உடம்பு ஆற நேரமே இல்ல.

உங்க வாசகர்கள்ல நிறைய பேர் வீட்டு பசங்க இப்ப ஃபுட்பால் ஆடறாங்க, இல்லாட்டி மார்ச்சிங் பேண்ட்ல இருக்காங்க, மேட்ச் ரத்தானா அவங்களுக்கும்தான் நஷ்டம். டீமுக்கு உதவற பெத்தவங்களோட பூஸ்டர் கிளப் மீட்டிங்குக்கு போனா, தின்பண்டம் விக்கற கன்செஷன் ஸ்டாண்டுல யாரு நிக்கறதுங்கறதோட எந்திரிச்சு வந்துடாதீங்க. நம்ம கான்ஃபரன்ஸ்ல சீசன் 5 வாரமோ 6 வாரமோ ஆனா என்ன ஃபார்மட், எந்த வாரம் காலி, டை ஆனா என்ன ரூல்னு எழுத்துல இருக்கான்னு அத்லெடிக் டைரக்டர்கிட்ட கேளுங்க. இல்லன்னு சொன்னா ஆகஸ்டுக்குள்ள போட சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு ஃபுட்பால் ப்ளேயரோட அப்பா,
கேரி, நார்த் கரோலினா