அது பச்சோந்தி இல்லை, பல்லி

ஆசிரியருக்கு,

வணக்கம். கரீபியக் கடலில் உள்ள யூனியன் தீவின் பல்லியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். 11, 12ஆம் வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறவன் நான். இப்படி ஒரு விஷயம் தமிழில் வந்ததே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் தலைப்பில் ‘குட்டிப் பச்சோந்தி’ என்று போட்டுவிட்டீர்கள். அதுதான் ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிறம் மாறுகிறது என்பதால் அப்படி எழுதியிருப்பீர்கள். நிறம் மாறுவது உண்மைதான். கல்லுக்கடியில் இருக்கும்போது மங்கிய பழுப்பு. வெளிச்சத்துக்கு வந்ததும் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று முதுகில் கண் கண்ணாகப் புள்ளிகள் தெளிந்து வரும். வாலை விட்டுவிட்டு அளந்தால் சுமார் 3 செ.மீ., ஒரு பேப்பர் கிளிப் அளவுதான். இருந்தாலும் பச்சோந்திக்குப் பங்காளி ஓணான்தான். பல்லி அந்த வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். பச்சோந்திக்குக் கண்ணைச் சுற்றித் தோல் மூடியிருக்கும், பாதம் இடுக்கி மாதிரிப் பிடிக்கும். இந்தப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமையே கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கை நீட்டி நக்கித்தான் துடைக்கும், நம் வீட்டுப் பல்லியைப் போலவே.

பல்லிகளுக்குள்ளேயும் இது தனி வீடு. 2005இல் இதற்கு கோனடோடஸ் டௌடினி என்று பெயர் வைத்தபோது, அநேகமாகப் பல்லிகள் எல்லாம் ஒரே பெரிய குடும்பமாகத்தான் புத்தகத்தில் இருந்தன. நான் கல்லூரியில் படித்ததும் அப்படித்தான். 2008இல் மரபணு ஆய்வை வைத்து, இதன் இனத்தையும் அதன் உறவுகளையும் ஸ்பேரோடாக்டிலிடே என்று தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள். நம் வீட்டுப் பல்லி கெக்கோனிடே குடும்பம். நம்முடையது ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். ஸ்பேரோடாக்டிலிடே குடும்பத்தில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று.

முக்கியமான வித்தியாசம் விரலில். ராத்திரி ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பல்லி ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளேயிருந்து அதன் காலைப் பாருங்கள். ஒவ்வொரு விரலின் அடியிலும் படிக்கட்டு மாதிரி வெளிறிய வரிகள், நடுவில் வகிடு எடுத்ததுபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். கண்ணாடியிலும் கூரையிலும் அது விழாமல் ஓடுவது அந்த வரிகளால்தான். யூனியன் தீவுப் பல்லிக்கு அந்த மெத்தை கிடையாது. மெல்லிய விரல், நடுவில் மடங்கி, நுனியில் நகம். கோனடோடஸ் என்ற பெயரே முழங்காலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அப்புறம் கண்பாவை: நம்முடையதுக்கு வெளிச்சத்தில் கோடாகச் சுருங்கும், அதற்கு வட்டமாகவே இருக்கும். அது பகலில் நடமாடுகிற பல்லி.

ஒட்டுகிற விரல் இல்லாததால் அதன் வாழ்க்கை தரையோடுதான். கல்லுக்கடியில், மட்கிய மரத்துக்கடியில், சருகுக்குள், ஈரம் காயாத இடத்தில் இருக்கும். விற்பதற்காக அதைத் திருடுகிறவர்கள் ஒவ்வொரு கல்லாகப் புரட்டித் தேடுகிறார்கள். புரட்டிய கல்லை யாரும் பழையபடி வைப்பதில்லை. அடியில் இருந்த ஈரம் காய்ந்துவிடுகிறது, பிடிபடாத பல்லிக்கும் வீடு போய்விடுகிறது. இத்தனைக்கும் அதற்கு உலகத்தில் இருப்பது சுமார் 50 ஹெக்டேர் காடு, நம் கணக்கில் 125 ஏக்கருக்குள். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் சைட்டிஸ். 2019இல் ஜெனிவாவில் நடந்த அதன் மாநாட்டில் இதை முதல் பட்டியலில் சேர்த்தார்கள். வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவது அடியோடு தடை. சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபடும் நம் நட்சத்திர ஆமையும் அதே மாநாட்டில்தான் அந்தப் பட்டியலுக்குப் போனது. பச்சோந்திகளில் பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இருந்தால் வியாபாரம் செய்யலாம். அதனால் இந்தப் பல்லியைப் பச்சோந்தி என்பது சின்னப் பிழை இல்லை.

தீவுக்காரர்களே காவலுக்கு நின்று காப்பாற்றிய பல்லி இது. 2018இல் சுமார் 10,000 இருந்தது, சில ஆண்டுகளில் 18,000 வரை வந்துவிட்டது. 2024 ஜூலை 1ஆம் தேதி பெரில் சூறாவளி அந்தத் தீவைச் சின்னாபின்னமாக்கியது. பெரும்பாலான வீடுகள் இடிந்துபோயின. காவல் நின்றவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தானே. அதைப் படித்த அன்று எனக்குப் பாடமே ஓடவில்லை.

இரண்டு வேண்டுகோள். அடுத்த இதழில் ‘யூனியன் தீவுப் பல்லி’ என்று திருத்தம் போடுங்கள். இன்னொன்று, எந்தக் கடற்கரையில் இறங்கி எந்தச் சரிவில் ஏறினால் அதைப் பார்க்கலாம் என்று வழி சொல்லியிருந்தீர்களே, அந்த இரண்டு வரியை இணையப் பதிப்பிலிருந்து தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இன்று காலைகூடப் பார்த்தேன், இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்