எகிப்தின் கொடியில் இருப்பது நட்சத்திரமல்ல, கழுகு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழுடன் வந்த மாணவர் இணைப்பில், உலக நாடுகளை அறிமுகப்படுத்தும் பக்கத்தில் எகிப்து அரபுக் குடியரசு இடம்பெற்றிருந்தது. அந்நாட்டின் கொடி என்று அச்சிடப்பட்ட படத்தில் சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பட்டைகளின் நடுவே இரண்டு பச்சை நட்சத்திரங்கள் இருந்தன. படத்தின் கீழே, அங்கு ஷரியத் சட்டமே நாட்டின் சட்டம் என்றும், மதகுருமார்களே தீர்ப்பு வழங்குகிறார்கள் என்றும் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் தவறு. ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே எங்கள் தெருவாசிகள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் குறிப்பேட்டில் ஒட்டி மனப்பாடம் செய்துகொண்டிருந்ததைக் கண்ட பிறகே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் இதே ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். 1978-ல் சரக்குக் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து, டெக் மாலுமிகளின் தலைவரான போசனாக ஓய்வுபெற்றேன். டெக்கில் எங்களுக்கிருந்த வேலைகளுள் கொடி ஏற்றுவதும் ஒன்று. ஒரு நாட்டின் துறைமுகத்துக்குள் நுழையும்போது அந்நாட்டின் கொடியைக் கப்பலின் வலப்புறக் கயிற்றில் ஏற்ற வேண்டும். அதை மரியாதைக் கொடி என்போம். கிழிந்த கொடியை ஏற்றினாலே அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்றால், மாற்றுக் கொடியை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தவற்றை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எகிப்தின் சூயஸ் நங்கூரத் தளத்தில் காத்திருந்தோம். விடிவதற்கு முன்பே கால்வாய்க்குள் போகும் வரிசையில் எங்கள் கப்பலை அழைத்துவிட்டார்கள். அவசரத்தில், அரையிருட்டில், கொடிப் பெட்டியிலிருந்து சிவப்பு, வெள்ளை, கறுப்புக் கொடி ஒன்றை உருவியெடுத்து ஏற்றிவிட்டேன். அது யேமன் நாட்டின் கொடி. அதிலும் அதே மூன்று பட்டைகள்தாம். ஆனால் நடுவில் ஒன்றும் இராது. கால்வாயில் கப்பலுக்கு வழிகாட்டும் எகிப்திய பைலட் ஏணியில் ஏறி வந்தார். வழக்கமாகச் சொல்லும் முகமன்கூடச் சொல்லாமல் கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜின் ஓரத்துக்குப் போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு அருகே சிறகுபோல விரித்துக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. உப்புக் காற்றில் கழுகின் பொன்னிறம் வெளுத்துப்போன பழைய கொடி ஒன்று பெட்டியின் அடியில் கிடந்தது. அதை நான் ஏற்றி முடிக்கும் வரை அவர் அசையாமல் நின்றார். கொடி விரிந்த பின்னரே கேப்டனிடம் சென்று கைகொடுத்தார். அன்றிலிருந்து ஒரு நாட்டின் கொடியை மற்றொன்றோடு சேர்த்துக் குழப்புவதை என்னால் சிறு பிழையாகக் கருத முடிவதில்லை.

இரட்டை நட்சத்திரக் கொடியும் ஒரு காலத்தில் எகிப்தினுடையதுதான் என்பதால், தங்கள் பக்கத்தைத் தயாரித்தவர் எங்கே வழுக்கினார் என்பது எனக்கு விளங்குகிறது. 1952 ஜூலை 23 அன்று ராணுவ அதிகாரிகள் தொடங்கிய புரட்சியில் மன்னர் ஃபாரூக் முடியிழந்தார். 1953 ஜூன் 18 அன்று எகிப்து குடியரசாகி, முகம்மது நகீப் முதல் குடியரசுத் தலைவரானார். சிவப்பு, வெள்ளை, கறுப்பு ஆகியவை அந்தப் புரட்சியின் நிறங்கள். 1958 பிப்ரவரியில், கமால் அப்துல் நாசர் ஆட்சியில் எகிப்தும் சிரியாவும் ஒன்றாக இணைந்து ஐக்கிய அரபுக் குடியரசு ஆயின. நாட்டுக்கு ஒன்றாக இரண்டு நட்சத்திரங்கள் கொடியில் ஏறியது அப்போதுதான். 1961-ல் சிரியா பிரிந்துபோன பின்பும் எகிப்து அந்தப் பெயரையும் கொடியையும் பத்து ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தது. அன்வர் சதாத் காலத்தில், 1971-ல் வந்த அரசமைப்புச் சட்டமே 'எகிப்து அரபுக் குடியரசு' என்ற இன்றைய பெயரைத் தந்தது. மறு ஆண்டு, எகிப்து, சிரியா, லிபியா ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டமைப்பின் அடையாளமாக நட்சத்திரங்கள் நீங்கி, நபிகள் நாயகத்தின் குலமான குறைஷியின் பெயர் கொண்ட குறைஷிப் பருந்து கொடியில் வந்தது. நான் முதன்முதலில் சூயஸைக் கடந்தபோது ஏற்றியது அந்தப் பருந்துக் கொடியைத்தான். கூட்டமைப்பு கலைந்து பல ஆண்டுகள் கழித்து, 1984 அக்டோபர் 4 அன்று பருந்துக்குப் பதிலாக, எகிப்தை ஆண்ட பழைய சுல்தான் சலாகுதீனின் பெயர் கொண்ட கழுகு வந்தது. கழுகு தன் கால்களில் பற்றியிருக்கும் பட்டயத்தில் 'ஜும்ஹூரிய்யத் மிஸ்ர் அல்அரபிய்யா' என்று நாட்டின் பெயர் அரபியில் எழுதப்பட்டிருக்கும். மண்ணடி முஸ்லிம் பெரியவர்கள் எகிப்தை இன்றும் மிஸ்ர் என்றே சொல்வார்கள். அந்நாட்டவர் தம் நாட்டை அழைக்கும் பெயரும் அதுதான்.

மூன்று நிறங்களும் பொன்னிறக் கழுகும் சேர்ந்ததே தேசியக் கொடி என்று 2014-ம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 223-ம் பிரிவு கூறுகிறது. கொடியை அவமதிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதும் அதே பிரிவில் உள்ளது. இரட்டை நட்சத்திரக் கொடியை 1980-ல் சிரியா தன் கொடியாக மீண்டும் எடுத்துக்கொண்டது. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி வீழ்ந்ததும், சிரியாவும் அதைக் கைவிட்டுப் பச்சை, வெள்ளை, கறுப்புப் பட்டைகளில் மூன்று சிவப்பு நட்சத்திரங்கள் கொண்ட கொடிக்கு மாறிவிட்டது. ஆகவே தாங்கள் அச்சிட்ட கொடி இன்றைக்கு எந்த நாட்டின் தேசியக் கொடியும் அன்று.

கொடியைவிட என்னை வருத்தியது சட்டத்தைப் பற்றிய அந்த வரி. படிப்பகத்தில், சட்டக் கல்லூரியில் சேர வேண்டும் என்ற ஆசையோடு படிக்கும் மாணவி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "அங்கே வக்கீலே கிடையாதா தாத்தா?" என்று கேட்டாள். வக்கீல் உண்டு, சட்டம் படித்த நீதிபதி உண்டு, படிப்படியாக மேல்முறையீடு உண்டு என்று அவளுக்குச் சொன்னேன். 1862-ல் தொடங்கி, இன்று பாரிமுனையில் உள்ள நம் உயர் நீதிமன்றம் ஆங்கிலேயச் சட்ட வழியில் வந்தது. முந்தைய தீர்ப்புகளுக்கு அங்கே பெரிய இடம் உண்டு. எகிப்து சென்றது பிரெஞ்சு வழியில். எழுதித் தொகுக்கப்பட்ட சட்டமே அங்கே முதன்மையானது. 1948-ல் இயற்றப்பட்டு, 1949 அக்டோபர் 15 முதல் நடைமுறையில் உள்ள அவர்களது உரிமையியல் சட்டத் தொகுப்பை உருவாக்கியவர் அப்துல் ரசாக் அல்சன்ஹூரி என்னும் சட்ட அறிஞர். வெளிநாட்டவர் வழக்குகளுக்காக ஐரோப்பிய நீதிபதிகளையும் கொண்டு நடந்துவந்த கலப்பு நீதிமன்றங்கள் மூடப்பட்டதும் அதே நாளில்தான். சொந்தச் சட்டமும் சொந்த நீதிமன்றமும் ஒரே நாளில் ஒரு நாட்டின் கைக்கு வந்ததை, கப்பல்துறைக்காரனான நான் சூயஸ் கால்வாயை 1956-ல் நாட்டுடைமையாக்கியதற்குக் குறையாத செயலாகவே மதிக்கிறேன்.

அந்தத் தொகுப்பின் முதற்பிரிவைப் படித்தாலே தங்கள் வரி தவறு என்பது தெரிந்துவிடும். வழக்குக்குப் பொருந்தும் விதி சட்டத்தில் இருந்தால் நீதிபதி அதன்படி தீர்க்க வேண்டும். இல்லையேல் வழக்காற்றின்படியும், அதுவும் இல்லையேல் இஸ்லாமிய ஷரியத்தின் கோட்பாடுகளின்படியும், அதற்கும் பிறகு இயற்கை நீதி, நேர்மை ஆகியவற்றின்படியும் தீர்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு இஸ்லாமை அரசின் சமயமாகவும், ஷரியத்தின் கோட்பாடுகளைச் சட்டமியற்றுதலுக்கு முதன்மையான மூலமாகவும் கூறுவது உண்மைதான். 1971-ல் 'முதன்மையான மூலங்களுள் ஒன்று' என்ற பொருளில் இருந்த தொடர், 1980-ல் திருத்தப்பட்டு இவ்வாறாயிற்று. ஆனால் அது சட்டம் இயற்றும் நாடாளுமன்றத்தை நோக்கிச் சொல்லப்பட்டது. இயற்றப்பட்ட ஒரு சட்டம் இப்பிரிவுக்கு முரணானதா என்று பார்க்கும் பொறுப்பு 1979-ல் நிறுவப்பட்ட உச்ச அரசமைப்பு நீதிமன்றத்தினுடையது. மூலத்திலும் பொருளிலும் ஐயத்துக்கு இடமில்லாத சில ஷரியத் விதிகள் மட்டுமே மாறாதவை. மற்றவற்றில் காலத்துக்கும் தேவைக்கும் ஏற்பச் சட்டம் இயற்றலாம் என்று அந்த நீதிமன்றம் விளக்கம் தந்திருக்கிறது.

தனியாக இயங்கிவந்த ஷரியத் நீதிமன்றங்களையும், பிற சமயத்தவரின் சமுதாய நீதிமன்றங்களையும் 1955-ல் வந்த சட்டம் ஒழித்து, அவற்றின் வழக்குகளைப் பொது நீதிமன்றங்களுக்கு மாற்றியது. திருமணம், மணமுறிவு போன்ற குடும்ப விவகாரங்களில் மட்டும் சமயச் சட்டம் இன்றும் நிற்கிறது. கிறித்தவர்களுக்கும் யூதர்களுக்கும் அவரவர் நெறிமுறைகளே மூலம் என்று அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு உறுதி கூறுகிறது. இந்து, முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்கள் ஒரே தெருவில் வாழும் எங்கள் பகுதியில், ஒவ்வொருவர் வீட்டுத் திருமணமும் வெவ்வேறு சட்டத்தின்கீழ் நடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புரியாத ஏற்பாடு அன்று.

மதகுரு என்று தங்கள் பக்கத்தில் சொன்னது ஒருவேளை, இஸ்லாமியச் சட்டம் பற்றிக் கருத்துரை வழங்கும் அறிஞரான தலைமை முஃப்தியை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கலாம். மரண தண்டனை விதிப்பதற்கு முன் குற்றவியல் நீதிமன்றம் வழக்கின் ஆவணங்களை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அக்கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. தீர்ப்பு எழுதுவோர் நீதிபதிகளே. அரசுக்கு எதிரான வழக்குகளை விசாரிக்க, பிரான்சைப் பின்பற்றி 1946-ல் அமைக்கப்பட்ட அரசு மன்றம் தனியாக உள்ளது. அதன் இருக்கையில் முதன்முறையாகப் பெண் நீதிபதி ஒருவர் அமர்ந்தது 2022 மார்ச்சில்தான் என்பதையும் அந்த மாணவியிடம் சொன்னேன். இவ்வளவு தாமதமா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி நியாயமானது.

குறைகளை மறைத்து அந்நாட்டைப் போற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் உள்ள குறையைச் சொல்ல வேண்டும். ஹோஸ்னி முபாரக் பதவியில் இருந்த 1981 முதல் 2011 வரையிலான ஆண்டுகள் முழுவதும் நாடு நெருக்கடி நிலையிலேயே இருந்தது. 2017-ல் மீண்டும் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 2021 அக்டோபர் வரை நீடித்தது. சில வகைக் குற்றங்களுக்காகப் பொதுமக்களையும் ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 204-ம் பிரிவு இடம் தருகிறது. 2019 ஏப்ரலில் நிறைவேறிய திருத்தங்கள் குடியரசுத் தலைவரின் பதவிக்காலத்தை நான்கிலிருந்து ஆறு ஆண்டுகளாக்கி, உயர் நீதிபதிகளின் நியமனத்தில் அவருக்குக் கூடுதல் அதிகாரமும் அளித்தன. ஒரு மாணவர் அறிய வேண்டிய கவலைகள் இவை. மதகுரு தீர்ப்பு எழுதுகிறார் என்ற வரியைப் படித்தவர் இவை எவற்றையும் கேட்கவே மாட்டார் என்பதுதான் என் வருத்தம்.

ஆட்சி அமைப்பைப் பற்றித் தங்கள் பக்கம் ஒன்றும் கூறவில்லை. குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் நியமிக்கும் பிரதமர் பிரதிநிதிகள் அவையின் நம்பிக்கையைப் பெற வேண்டும். அந்த அவையில் 596 இடங்கள். 568 பேர் தேர்ந்தெடுக்கப்படுவோர், 28 பேர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுவோர். நான்கில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு உரியவை. 2019 திருத்தத்தால் மீண்டும் வந்த மேலவையில் 300 பேர் உள்ளனர். அவர்களுள் 100 பேர் நியமன உறுப்பினர்கள். நாடு 27 மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும், நம் மாநிலங்களைப்போல அவற்றுக்குச் சட்டமன்றம் கிடையாது.

நாட்டுப்பண் பற்றியும் ஒரு சொல். கால்வாயைக் கடக்கும்போது படகுகளோடு கப்பலில் ஏற்றிக்கொள்ளும் சூயஸ் படகோட்டிகள் தங்கள் சிறிய வானொலியையும் டெக்குக்குக் கொண்டுவருவார்கள். அதில் 'பிலாதி, பிலாதி, பிலாதி' ஒலித்ததும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்ற முதியவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். 'என் நாடே' என்பது அதன் பொருள். 1923-ல் இளம்வயதிலேயே மறைந்த சையத் தர்வீஷ் இசையமைத்த அப்பாடல் 1979-ல் நாட்டுப்பண் ஆயிற்று.

அடுத்து வரும் இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவில், கழுகு பொறித்த கொடியை வண்ணத்தில் வெளியிட்டு, சட்டத்தைப் பற்றிய வரியையும் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். ஈராக், யேமன், சூடான் என மற்ற அரபு நாடுகளும் இவ்வரிசையில் வருமானால், அச்சுக்கு அனுப்புமுன் நடுப்பட்டையை ஒருமுறை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈராக்கின் கொடியில் பச்சை எழுத்துகள் இருக்கும். யேமன் கொடியில் ஒன்றும் இராது. சூடான் கொடியில் கம்பத்தை ஒட்டிப் பச்சை முக்கோணம் இருக்கும். அன்று சூயஸில் நான் கடைசியாக ஏற்றிய பழைய எகிப்துக் கொடி என் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக உள்ளது. படம் எடுக்கத் தேவைப்பட்டால் தங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன். படிப்பகத்துப் பிள்ளைகள் தம் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் எதிர்ப்புறத்தை, தங்கள் திருத்தத்தை ஒட்டுவதற்காக வெறுமையாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
ராயபுரம், சென்னை.